மூன்று வீட்டுக்கும் ஒரே லைன்

போன மாதம் என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, எங்கள் பழைய போன் லைனை ஓட்டிய பெட்டி. பெரியண்ணன் வீட்டு அலமாரிக்கு மேலே இத்தனை வருஷம் தூசி தின்றுகொண்டு கிடந்தது. "இனிமே இது எதுக்கு? ஆளாளுக்கு ஒரு செல் இருக்கே" என்றார். சரிதான். ஆளாளுக்கு ஒரு செல் இருக்கிறது, ஆளுக்கொரு மூலையும் இருக்கிறது. யார் பேசுவதும் யார் காதிலும் விழுவதில்லை. அடுத்தவர் பேச்சைக் கொஞ்சமாவது ஒட்டுக்கேட்காமல் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெட்டியைக் கழற்றியதும் பெரியண்ணி ஈரத்துணியோடு வந்தார். அது இருந்த இடத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அன்றைக்கே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுத் தொழில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்வது. எனக்கு இரண்டு அண்ணன்கள். இருவரும் சேர்ந்து கடைத்தெருவில் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். பெரியண்ணன் வீடு பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சின்னண்ணன் வீடு ஊரின் மறுகோடியில். என் வீடு பெரியண்ணன் தெருவிலேயே, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். என் வீட்டுக்காரர் ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கிற வேலை பார்த்தவர். இன்டர்நெட் போன் வந்த புதிதில் அவருக்குக் கை ஊறியது. பட்டறைக்கு இருந்த பழைய நம்பரை அதில் மாற்றி, பட்டறையில் ஒன்று, மூன்று வீட்டிலும் ஒவ்வொன்று என்று நான்கு போன்களை வைத்தார். நம்பர் ஒன்று, லைன் ஒன்று. யாராவது கூப்பிட்டால் நான்கும் ஒன்றாக அலறும். யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்கள் பேசலாம். மற்றவர்கள் எடுத்தால் அதே பேச்சுக்குள் போய் விழலாம்.

இதில் பெரிய வசதி ஹோல்டு பட்டன். இங்கே அமுக்கினால் எல்லா போனிலும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். கூப்பிட்டவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். வேறு வீட்டில் எடுத்தால் அவர் அங்கே பேசலாம். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பெரியண்ணி மேனேஜர் ஆகிவிட்டார்.

அண்ணி ஆள் ஒல்லி. குரல் மட்டும் பெரிய மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற குரல். வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சர்வீஸ் செக்ஷனுக்குப் போடுறேன், லைன்லயே இருங்க" என்பார். சர்வீஸ் செக்ஷன் என்றால் பட்டறை. "பிராஞ்ச்ல கேளுங்க" என்றால் சின்னண்ணன் வீடு. "மூணாவது மாடிக்குப் போடுறேன்" என்றால் நான். எனக்கு ஒதுக்கிய வேலை, கோபமாக இருக்கிற ஆட்களைச் சமாளிப்பது. எனக்கே கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அண்ணிக்குத் தெரியாததல்ல. "கத்துறவங்களுக்கு, கத்துற ஆள்தான் சரிப்படும்" என்பார்.

ஊரில் பாதிப் பேர் எங்களைப் பெரிய கம்பெனி என்று நம்பியிருந்தார்கள். ஒரு லாட்ஜ் முதலாளி, "உங்க ஹெட் ஆபீசுக்கு ஒரு தடவை வந்து பாக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டார். ஹெட் ஆபீசில் கொடி முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு கையால் பாலை இறக்கிக்கொண்டே, "இன்னைக்கு ஆடிட்டிங் நடக்குது சார், வெளி ஆளுங்களுக்கு அனுமதி இல்ல" என்றார். நான் மாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். லைன் எனக்கும் சொந்தம்தானே?

சின்னண்ணி இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது போன் என்றாலே அவருக்கு உதறல். எடுத்து, "வீட்ல யாரும் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். பெரியண்ணிக்கு அது ஒன்று போதும், நாள் முழுக்கச் சிரிக்க. "ஏண்டி, நீ இருக்கியே, உன்னை எதுல சேக்குறது?" என்று கேட்பார். பெரியண்ணி ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவர். கூடப் பிறந்தவள் இல்லாத குறை அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. அதைச் சின்னண்ணியை வைத்துத் தீர்த்துக்கொண்டார். தனக்குத் துணி எடுத்தால் அவருக்கும் ஒன்று எடுப்பார். தலைவலி என்றால் ஊரைக் கடந்து பஸ்ஸேறிப் போவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாத்தனார் என்று நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் அதே தெருவில் இருந்தேனே!

பிறகு அண்ணன்களுக்குள் வந்தது வினை. சின்னண்ணன் ஒரு பெரிய ஓட்டலின் ஏசி வேலையைத் தானே பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார். தன்னைக் கேட்கவில்லையே என்று பெரியண்ணனுக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டிருக்கலாம். பட்டறையில் வேலைக்காரர்கள், வந்த ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, "நான் தொழில் சொல்லிக் கொடுக்கலன்னா இன்னைக்கு நீ எங்கடா நின்னிருப்ப?" என்று கேட்டுவிட்டார். சின்னண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே தன் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டுத் தனியாகத் தொழிலை ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே அச்சு. இறங்கி வர மாட்டார்கள். பெரியண்ணன் வீட்டில் உத்தரவு போட்டார்: "அந்த வீட்டோட பேச்சு வார்த்தை எதுவும் கூடாது. போகவும் கூடாது." சின்னண்ணன் வீட்டிலும் அதே உத்தரவு. என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் விட்டுவைத்தார்கள். எங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஆனால் லைனை யாரும் விடவில்லை. விட முடியாது. ஊரில் உள்ள ஃப்ரிட்ஜ்களின் முதுகிலெல்லாம் அந்த நம்பர் ஒட்டியிருந்தது. நம்பரை விட்டுக்கொடுத்தால் பிழைப்பு போச்சு. அதனால் முகம் பார்க்காத இரண்டு அண்ணன்களும் ஒரே லைனில் தொழில் செய்தார்கள். "மீசைக்காரர் வேணும்" என்று கேட்டால் அது சின்னண்ணன். பெரியண்ணி ஹோல்டு போடுவார், அங்கே சின்னண்ணி எடுப்பார். நடுவில் கஸ்டமர் இருக்கும்போது சொந்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது. வீட்டுக்கு வீடு அந்த லைனில் கூப்பிடவும் வழியில்லை. ஒரே நம்பர்தானே, தன் நம்பரைத் தானே கூப்பிட்டால் எங்கேஜ்டுதான் வரும். செல்போன்களோ அப்போது அண்ணன்களின் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை.

அந்த நாட்களில் பெரியண்ணியைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. மேனேஜர் குரல் அப்படியே இருந்தது. போனை வைத்ததும் ஆள் சுருங்கிவிடுவார்.

வழி திறந்தது ஒரு தப்பினால். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் மதியம் போன் செய்தார். கடை ஃப்ரிட்ஜ் ஒழுகுகிறது, மீசைக்காரர் வர வேண்டும் என்றார். பெரியண்ணி ஹோல்டு போட்டார். சின்னண்ணி எடுத்தார். பெரியண்ணி, குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று மறுபடி போனை எடுத்திருக்கிறார். நான் மாடியில் எடுத்திருந்தேன், வழக்கம்போல.

"நாளைக்குக் காலைல ஆள் வருவாருங்க" என்றார் சின்னண்ணி. மூக்கு அடைத்துக்கொண்டு குரல் கரகரத்தது.

பெரியண்ணி தன்னை மறந்துவிட்டார். "என்னடி இது, இப்படிச் சளி பிடிச்சிருக்கு? வெந்நீர்ல ஆவி பிடிச்சியா இல்லையா?"

"எனக்கா?" என்றார் ரொட்டிக்கடை அம்மா. "எனக்கு ஒண்ணும் இல்லையே மேனேஜரம்மா, நல்லாத்தான இருக்கேன்."

 சின்னண்ணி மெதுவாக, "அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இரண்டு பக்கமும் அழுகை. நடுவில் அந்த அம்மா. ஃப்ரிட்ஜ் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவர் பாவம் என்ன செய்வார்? ஆனால் கடை வைத்துப் பிழைப்பவருக்கு ஆள் தெரியாமல் இருக்குமா? இரண்டு அண்ணன்களும் பிரிந்த கதை தெரு முழுக்கத் தெரியும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுப்புல எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. போனை இந்த மாவு மூட்டை மேல வச்சுட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஆற அமரப் பேசிட்டு வைங்க" என்றார். சொன்னபடியே வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் ரொட்டிக்கடையிலிருந்து போன் வரும். "ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுங்க" என்பார். அவ்வளவுதான், போன் மாவு மூட்டை மேல் ஏறிவிடும். அண்ணி உத்தரவை மீறவில்லை. கஸ்டமர் அழைத்தால் எடுக்க வேண்டாமா? சின்னண்ணியும் மீறவில்லை. பிராஞ்ச் ஆள் பதில் சொல்ல வேண்டாமா? பேச்சு வார்த்தை கூடாது என்றார்களே தவிர, கஸ்டமரை ஹோல்டில் விடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையே!

பெரியண்ணனுக்கு மூக்கு வியர்க்காமல் இருக்குமா? ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த ரொட்டிக்கடை ஃப்ரிட்ஜுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். 

"சத்தம் போடுதாம்" என்றார் அண்ணி.

"தினமுமா?"

"தினமும்தான்."

"நான் வேணா ஒரு நடை போய்ப் பாக்கட்டுமா?"

"வேணாம், தானா சரியாயிடும்னு சொல்லியிருக்கேன்."

அண்ணன் கை கழுவ எழுந்துவிட்டார். ஓடுகிற வண்டியில் போகும்போதுகூட யார் வீட்டு மோட்டார் சரியில்லை என்று காது கொடுக்கிற மனுஷர். தினமும் சத்தம் போடுகிற ஒரு ஃப்ரிட்ஜைச் சும்மா விட்டுவிட்டார். அதை நான் அன்று யோசித்திருக்க வேண்டும். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

அந்த மதியங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு இனிக்கிறது. வேலையெல்லாம் முடித்து, தரையில் கால் நீட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அவர்கள் பேசுவதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிள்ளைக்குப் பல் முளைத்தது, பக்கத்து வீட்டுக்காரி புது சோபா வாங்கியது, பால் திரிந்தது. பின்னணியில் ரொட்டிக்கடை மாவு பிசைகிற மெஷின் "ம்ம்ம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒன்று மட்டும் எனக்கு எரிச்சலாக இருக்கும். பெரியண்ணி தேவையில்லாமல் கத்திப் பேசுவார். கேட்டதையே கேட்பார். "அவர் நேரத்துக்குச் சாப்பிடுறாரா? என்னது, சாப்பிடுறாரா? இப்ப எந்தப் பக்கம் வேலை? ஓட்டல்காரன் ஒழுங்கா நடத்துறானா? ஒழுங்கா நடத்துறானாமா?" என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. சின்னண்ணிக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். வயசாகிறது போல என்று நானே தலையில் அடித்துக்கொள்வேன்.

கடைசியில் ஒரு கஸ்டமர் வாயால் கெட்டது. பட்டறைக்கு வந்த ஒருவர் பெரியண்ணன் முகத்துக்கு நேராக, "உங்க பிராஞ்ச்ல ஒரு மீசைக்காரர் இருக்காரே, கைராசிக்காரர் சார். நீங்க பாத்தீங்கன்னா திரும்பத் திரும்பப் பழுதாகுது. அவரு தொட்டா அப்படியே நிக்குது" என்றிருக்கிறார். பாராட்டுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மாலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வந்து அந்த வீட்டு லைனை எடுத்து விட்டுடுங்க. இனிமே நம்பர் பட்டறைக்கு மட்டும்தான்."

"நல்லா யோசிச்சுக்கங்க மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"யோசிச்சாச்சு."

நான் சும்மா இருப்பேனா? "அப்ப சின்னண்ணன் பொழப்பு என்ன ஆகும்ணே?" என்று கேட்டேன். "பிராஞ்ச்தான் இவ்வளவு பெருசா வளந்துடுச்சே, அதுக்குத் தனி நம்பர் வாங்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியில் அவர் தலை மறைகிறவரை கத்தினேன். பிரயோஜனம் இல்லை.

செய்தியைப் பெரியண்ணியிடம் நான்தான் சொன்னேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "சரி" என்றார். "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி இன்னும் ஒரு மதியம் இருக்கே" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் ரொட்டிக்கடை போன் வந்தது. நான் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். "ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுங்க" என்றார் அந்த அம்மா. அவருக்கும் விஷயம் தெரியும், குரல் உடைந்திருந்தது. போன் மாவு மூட்டை மேல் ஏறியது. "ம்ம்ம்" சத்தம் ஓடத் தொடங்கியது.

இன்றைக்கு இரண்டு பேரும் அழப்போகிறார்கள் என்று நான் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னண்ணி அழவில்லை. அவர் பேச்சில் வேறு ஏதோ இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கியிருக்காரு. இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்லையே."

"என்னடி?"

"நாலு நாளாச்சுக்கா. ஒரு வீட்டுல ரெண்டாவது மாடிக்கு ஃப்ரிட்ஜ் ஏத்தியிருக்காரு. படி திரும்புற இடத்துல நழுவிடுச்சு. செவுத்துக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல கை மாட்டி நசுங்கிடுச்சு. கட்டுப் போட்டிருக்கு. பழையபடி வருமான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல."

"கை நசுங்கிடுச்சா?" என்று பெரியண்ணி கத்தினார். "என்னது, தம்பிக்குக் கை நசுங்கிடுச்சா?"

 வாயைத் திறந்து நானும் கத்தியிருப்பேன். அதற்குள் அந்த "ம்ம்ம்" சத்தத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"எந்தக் கை?"

பெரியண்ணன்.   சின்னண்ணன் வீட்டுப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள்.

"வலது கைதாண்ணே" என்றார் சின்னண்ணன்.

"கீழ்ப்பக்கம் யாருடா பிடிச்சா?"

மாடிக்கு எதை ஏற்றினாலும் கீழ்ப்பக்கம் பெரியண்ணன்தான் பிடிப்பார். பளுவெல்லாம் அந்தப் பக்கம்தான் இறங்கும். சின்னண்ணனுக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்து அந்தப் பக்கத்தை அவர் தம்பிக்கு விட்டதில்லை.

"யாரும் இல்லண்ணே. நான் மட்டும்தான்."

பெரியண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, இருமல் மாதிரி இரண்டு தடவை. அப்போது பெரியண்ணியின் மேனேஜர் குரல் குறுக்கே வந்தது.

"சரி. மத்தவங்க எல்லாரும் போனை வைங்க. அண்ணன் தம்பி பேசட்டும். மூணாவது மாடி, உனக்கும்தான் சொல்றேன்."

வைத்துவிட்டேன். அந்த லைனில் நான் கேட்காமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான். செருப்பைக்கூடப் போடாமல் மூன்று மாடியையும் இறங்கிப் பெரியண்ணி வீட்டுக்கு ஓடினேன். அண்ணி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கக் கண்ணீர், வாயில் சிரிப்பு.

"அண்ணி, அண்ணன் எப்படி லைன்ல வந்தாரு? எப்ப எடுத்தாரு?"

"இன்னைக்கா எடுத்தாரு? முத வாரத்துலேர்ந்து அந்த மனுஷன் தினமும் பட்டறையில எடுத்துக் காதுல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு. அந்தச் சத்தம் கேக்கலயா உனக்கு?"

"அது ரொட்டிக்கடை மாவு மெஷின் இல்ல?"

"மாவு மெஷினா? பட்டறை கம்ப்ரசர்டி அது. அந்தக் கடையில இன்னும் கையாலதான் பிசையிறாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி சாப்பிட்டானா, நல்லா இருக்கானான்னு வாய் விட்டுக் கேக்க மாட்டாரு. சரி, நானாவது கேப்போம், அவர் காதுல விழட்டும்னு ரெண்டு வருஷமா கத்திக் கத்திக் கேட்டேன். இன்னைக்குத்தான் வாயைத் தொறந்தாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"தொண்டையெல்லாம் வலிக்குது. ஒரு வாய் தண்ணி கொண்டு வா" என்றார்.